ரம்பத்துக்கு என்ன ஊற்றுவது?

எங்கள் தெருவில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. சமையல் மேடைக்குக் கிரானைட் அறுக்கிறார்கள். மேஸ்திரி குத்தவைத்து உட்கார்ந்து மார்பிள் கட்டரைப் பிடித்திருக்கிறார். எதிரே ஒரு பையன், கையில் தண்ணீர் பாட்டில். மூடியில் ஆணியால் இரண்டு ஓட்டை. பிளேடு கல்லைத் தொடும் இடம் பார்த்துப் பாட்டிலை அமுக்கிப் பீச்சிக்கொண்டே இருக்கிறான். நடுவில் தண்ணீர் தீர்ந்துபோய்க் குழாயடிக்கு ஓடினான். மேஸ்திரி நிறுத்தவில்லை. அந்த அரை நிமிடத்துக்குள் சத்தம் கீச்சென்று ஏறியது, வெள்ளைத் தூசி ஆளையே மறைத்தது, பிளேடின் விளிம்பில் செம்பொறி தெரிந்தது. பையன் திரும்பி வந்து பீச்சியதும் எல்லாம் அடங்கிவிட்டது.

அந்தப் பையன் பார்த்த வேலைக்குப் பட்டறைப் பெயர் ‘கூலன்ட்’. நகைக்கல், படிகம், கல்மரம் என்று அறுத்துப் பார்க்கிறவர்களின் மேசை ரம்பத்தில் இதே வேலையை ஒரு தொட்டி செய்கிறது. பிளேடின் அடிவிளிம்பு ஒரு சென்டிமீட்டர் போல அதில் முங்கியிருக்கும். சுற்றும்போது திரவத்தை வாரிக்கொண்டு கல்லுக்குப் போகும். அந்தத் தொட்டியில் ஊற்ற வேண்டியது தண்ணீரா, எண்ணெயா? எண்ணெய் என்றால் எந்த எண்ணெய்? கல் அறுக்கிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இதில் ஒரு வாக்குவாதம் நிச்சயம்.

முதலில் ரம்பத்தைப் பார்த்துவிடலாம். ரம்பம் என்பது பேருக்குத்தான். அதற்குப் பல் கிடையாது. மெல்லிய எஃகு வட்டு, அதன் விளிம்பில் வெண்கலம் போன்ற ஓர் உலோகக் கலவை, அதற்குள் பதித்த வைரத் துகள்கள். மரம் அறுக்கும் ரம்பம் வெட்டும், இது தேய்க்கும். உளுந்து அரைக்கிற மாதிரி கல்லைத் துகள் துகளாக அரைத்து ஒரு பள்ளம் தோண்டிக்கொண்டே போகும். தேய்ந்த வைரம் உதிர, சுற்றியுள்ள உலோகமும் கொஞ்சம் தேய, அடியிலிருந்து புது வைரம் தலைகாட்டும்.

பத்து அங்குல பிளேடு நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஒவ்வொரு வைரத் துகளும் கல்லை உரசும் கணத்தில் எழும் சூடு சாதாரணமல்ல. வைரம் உலகத்திலேயே கெட்டியான பொருள்தான், ஆனால் அதுவும் கரிதான். காற்றில் 700 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போனால் மெல்ல எரியத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே உலோகம் இளகி வைரத்தின் மேல் பூசிக்கொள்ளும். அப்படிப் பூசிக்கொண்ட பிளேடு கல்லின் மேல் வழுக்குமே தவிர அறுக்காது. ஆள் பொறுமையிழந்து அழுத்துவார், இன்னும் சூடு ஏறும், மெல்லிய வட்டு ஒரு பக்கமாக விரிந்து தட்டு மாதிரி குழிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த பிளேடு நேராக அறுக்காது.

ஆகவே, ஊற்றும் திரவத்துக்குச் சூட்டை வாங்கிக்கொள்வது ஒரு வேலை. உரசலைக் குறைப்பது இன்னொன்று. அறுபட்ட மாவைப் பள்ளத்திலிருந்து வெளியே கொண்டுவருவது மூன்றாவது. இந்த மூன்றாவதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் கிரைண்டரில் தண்ணீர் தெளிக்காமல் அரிசி ஆட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மாவு இறுகி, கல் திணறி, மோட்டார் முனகும். ரம்பத்திலும் அதேதான். நாலாவது வேலை தூசியை அடக்குவது. அது உயிர் சம்பந்தப்பட்டது, பின்னால் வருகிறேன்.

சூடு தணிக்கத் தண்ணீரை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தில் அதே எடை கனிம எண்ணெயை இரண்டு டிகிரிக்கும் மேல் சூடாக்கிவிடலாம். விலையும் இல்லை, நாற்றமும் இல்லை, தீயும் பிடிக்காது. அப்புறம் எண்ணெய் எதற்கு? தண்ணீருக்கு வழுக்கும் குணம் குறைவு. எண்ணெய் வைரத்துக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு படலமாக நிற்கும். உரசலே குறைவதால் தணிக்க வேண்டிய சூடும் குறைகிறது. எண்ணெயில் ஓடும் பிளேடு கூடுதல் நாள் உழைக்கும், அறுத்த முகமும் வழவழப்பாக வரும். இரும்பு துருப்பிடிக்காது என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம். எட்டு அங்குலத்துக்குட்பட்ட சின்ன ரம்பம் என்றால் தண்ணீரே போதும். ஒரு முழுக் கல்லை மணிக்கணக்கில் தானாக நகர்த்தி அறுக்கும் பெரிய ரம்பத்துக்கு எண்ணெய்தான்.

அமெரிக்காவில் கல் அறுப்பது வீட்டுக் கொட்டகைப் பொழுதுபோக்காகப் பரவிய காலத்தில் அவர்கள் ஊற்றியது மண்ணெண்ணெயையும் டீசலையும். கொஞ்சம் மோட்டார் எண்ணெயும் கலந்துகொள்வார்கள். அறுப்பதைப் பொறுத்தவரை குறை சொல்ல முடியாது. நீர்த்த எண்ணெய், மாவைச் சட்டென்று கீழே படியவிடும், பள்ளத்துக்குள் நன்றாக ஓடும். ஆனால் மண்ணெண்ணெயின் ஆவி 35 முதல் 40 டிகிரியிலேயே பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். மே மாதத்து வேலூரில் நிழலிலேயே அந்தச் சூடு இருக்கும். மூடிய பெட்டிக்குள் பிளேடு அந்த எண்ணெயைப் பனிப்புகையாக அடித்துத் தூக்கும்போது உள்ளே ஒரு பொறி தெறித்தால் போதும். கல்லுக்குள் இருக்கும் பைரைட் துணுக்கே பொறி கிளப்பும். கையில் படப்படத் தோலின் எண்ணெய்ப் பசையைக் கரைத்து வெடிப்பும் அரிப்பும் கொண்டுவரும் என்பது தனி. மலிவு என்று யாராவது சொன்னாலும் மண்ணெண்ணெயும் டீசலும் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இன்று பெரும்பாலானவர்கள் ஊற்றுவது நிறமும் மணமும் நீக்கிய கனிம எண்ணெய். நம் மருந்துக் கடையில் ‘லிக்விட் பாரஃபின்’ என்று கேட்டால் கிடைப்பதும் இந்தச் சாதிதான், மலச்சிக்கலுக்குக் கொடுப்பது. அமெரிக்கக் கல் அறுப்பவர்கள் இதைக் கால்நடைத் தீவனக் கடையில் கேன் கேனாக வாங்குகிறார்கள். குதிரைக்கு வயிறு கட்டிக்கொண்டால் புகட்டுவதற்காக அங்கே விற்கிறார்களாம். குழந்தைக்குத் தடவும் பேபி ஆயிலும் அதேதான், வாசனைக்குத்தான் கூடுதல் காசு. இதன் தீப்பற்று நிலை 150 டிகிரிக்கு மேல். வாங்கும்போது நீர்த்த ரகமாகப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் மாவு அடியில் படியாமல் மிதக்கும், பிளேடு திணறும், அறுத்த பலகை ஒவ்வொன்றோடும் அரை டம்ளர் எண்ணெய் போய்விடும். ரொம்ப நீர்த்தாலும் புகைமூட்டமாகக் கிளம்பும்.

‘எண்ணெய்தானே’ என்று கையில் கிடைத்ததை ஊற்றுகிறவர்கள் உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் தொட்டியைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மற்ற சமையல் எண்ணெய்கள் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடித்து, பழைய வாணலியின் ஓரம் போலப் பிசினாகும். காரிலிருந்து வடித்த பழைய எண்ணெயில் புற்றுநோய் உண்டாக்கும் கரிமச் சேர்மங்கள் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் புதிதாக வாங்கினால் நல்ல எண்ணெய்தான். பழைய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வடித்தது என்றால் தொடவே கூடாது. பி.சி.பி. என்னும் நச்சு வேதிப்பொருள் அதில் கலந்திருக்கலாம். அமெரிக்கா அதன் தயாரிப்பை 1979-ல் தடை செய்தது. 2001-ல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலேயே அதற்கு இடம் கிடைத்தது. கார் ரேடியேட்டரில் ஊற்றும் பச்சைத் திரவமும் துருவைத் தடுக்கும் என்று சிலர் ஊற்றுகிறார்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். வீட்டு நாய் இனிப்புக்காக நக்கிக் குடித்தால் அதன் சிறுநீரகம் போய்விடும்.

இவ்வளவும் ரம்பத்தின் பக்கத்திலிருந்து பார்த்தது. கல்லின் பக்கம் போனால் கணக்கு மாறும்.

பார்வைக்கு இறுகியிருந்தாலும் பல கற்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஜெர்மனியின் இடார்-ஓபர்ஷ்டைன் ஊர்க்காரர்கள் இதை வைத்தே பிழைத்தார்கள். சாம்பல் நிற அகேட் கல்லை வாரக்கணக்கில் சர்க்கரைப் பாகிலோ தேனிலோ ஊறப்போட்டு, பிறகு கந்தக அமிலத்தில் போடுவார்கள். கல்லுக்குள் போன சர்க்கரை கரியாகிக் கல் கன்னங்கரேலென்று மாறும். அதுதான் கடைகளில் கறுப்பு ஓனிக்ஸ் என்ற பெயரில் விற்பது. பாகு புகும் கல்லுக்குள் எண்ணெய் புகாதா? புகும். ஆனால் அகேட்டில் அது மேலோடு நின்றுவிடும். பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவி, மரத்தூளில் புதைத்து வைத்தால் வந்துவிடும்.

டர்க்காய்ஸ் கல்லில் அப்படி இல்லை. அது எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு வான்நீலத்திலிருந்து அழுக்குப் பச்சைக்குப் போகும், திரும்பி வராது. அணிந்தவரின் தோல் எண்ணெய் பட்டே நிறம் மாறும் கல் அது. ஓபல் கல்லின் எடையில் சில சதவீதம் தண்ணீரே இருக்கிறது. அதற்குச் சூடு ஆகாது, வெடித்துவிடும். அதையும் தண்ணீரில்தான் அறுக்க வேண்டும். உள்ளே படிகங்கள் பூத்த குடைவுக் கற்களை எண்ணெயில் அறுத்தால் அந்த இடுக்குகளிலிருந்து மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். இதற்கெல்லாம் நேர் எதிர், பாறை உப்பு. தண்ணீரில் அறுத்தால் ரம்பத்துக்கு வேலையே இருக்காது, கல் தானே கரைந்துவிடும்! அதற்கு எண்ணெய்தான். புவியியல் ஆய்வகங்களில் நுண்ணோக்கிக்காகக் கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து எடுக்கிறார்கள். பாறை உப்போ, தண்ணீர் பட்டால் வீங்கும் களிமண்ணோ வந்துவிட்டால் அங்கேயும் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு எண்ணெயை எடுப்பார்கள்.

இப்போது தூசி. அகேட், சூதுபவளம், படிகம், கல்மரம் எல்லாமே சிலிக்காதான். கிரானைட்டிலும் அதன் பங்கு பெரிது. சில மைக்ரான் அளவுள்ள சிலிக்காத் துகள் நுரையீரலின் கடைசி அறை வரை போய்த் தங்கிவிடும். நுரையீரல் அதைச் சுற்றித் தழும்பு கட்டும். சிலிகோசிஸ் என்ற அந்த நோய் வந்தால் குணமாவதில்லை. குஜராத்தின் கம்பாத் நகரில் சூதுபவள மணி செய்யும் தொழில் பழமையானது. சிந்துவெளி மணித் தொழிலைப் புரிந்துகொள்ள ஜொனாதன் மார்க் கெனோயர் போன்ற தொல்லியலாளர்கள் அங்கே போய்த்தான் கற்றார்கள். அந்த மணிகளுக்குத் துளையிடும்போது வைரமுனைத் துரப்பணத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அங்கே தூசி இல்லை. அடுத்த வீட்டில் மின் சாணையில் உலர்வாகத் தேய்க்கிறார்கள். சிலிகோசிஸ் ஆய்வுகளில் கம்பாத்தின் பெயர் வருவது அந்தச் சாணைத் தூசியால்தான்.

ஈரத்தில் அறுத்தால் தூசிக் கவலை தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. தொட்டியில் படியும் சேறு தோசை மாவுப் பதத்தில் இருக்கும்வரை சாது. தரையில் தெறித்துக் காய்ந்து, துடைப்பம் பட்டால் மறுபடி அதே தூசி. ஆகவே ஈரமாக இருக்கும்போதே வழித்துவிட வேண்டும். எண்ணெய் ஊற்றுகிறவர்களுக்கு எண்ணெய்ப் புகை என்ற இன்னொரு தொல்லை உண்டு. அமெரிக்கத் தொழிற்கூட விதி எட்டு மணி நேர வேலைக்குக் கனமீட்டர் காற்றில் 5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்கிறது. வீட்டில் அளக்க வழியில்லை. ரம்பம் நின்றதும் மூடியைத் திறக்காமல், ஒரு டீ குடித்துவிட்டு வந்து திறப்பது நல்லது. படிந்த சேற்றைத் தடித்த காகிதப் பையில் கட்டித் தொங்கவிட்டால் எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கீழே வந்துவிடும், மாவு பையிலேயே நிற்கும். அந்தப் பையைச் சாக்கடையில் போடாதீர்கள்.

தண்ணீர்க்காரர்களுக்கு வேறு கவலைகள். மின்சாரமும் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ரம்பத்தை ஓட்டக் கூடாது. சோப்பு ஒரு சொட்டு விட்டால் தண்ணீர் பள்ளத்துக்குள் நன்றாகப் பரவும். ஒரு சிட்டிகை சலவைச் சோடா காரத்தன்மை கொடுத்துத் துருவைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. நான் ஒருமுறை பாதி அறுத்த அகேட் கல்லை ரம்பத்திலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். அப்படியே தூங்கியும் போனேன். காலையில் பார்த்தால் பிளேடு தண்ணீரில் முங்கியிருந்த பகுதி மட்டும் செம்பழுப்பு, கல்லின் அறுத்த முகத்தில் துருக்கோடு. கல்லைத் தேய்த்து எடுத்துவிட்டேன். பிளேடு அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை இடறுகிறது.

வீட்டில் ஒரு சின்ன ரம்பம் வாங்கப் போகிறவருக்கு என் பரிந்துரை தண்ணீர்தான். பெரியது வாங்கும் நாளில் கனிம எண்ணெயைப் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் ஊற்றினால் வேலை முடிந்ததும் தொட்டியைக் கடைசிச் சொட்டு வரை வடித்து, பிளேடை ஒரு நிமிடம் வெறுமனே சுற்றவிட்டு, துணியால் துடைத்துவிட்டுப் படுக்கப் போங்கள்.