ஜிங்கோ பைலோபா: இயற்கை வரலாறும் மருத்துவப் பயன்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

ஜிங்கோ பைலோபா மரத்தின் இயற்கை வரலாற்றையும், அதன் விதை, இலை ஆகியவற்றின் மருத்துவப் பயன்பாடுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. மரத்தின் தொன்மையும் மருந்தின் தொன்மையும் ஒன்றல்ல என்பதை எடுத்துக்காட்டுவது இதன் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: ஜிங்கோ, தொல்லுயிர்ப் படிமம், சீன மருத்துவம், இலைச்சாறு, மறதிநோய்.

முன்னுரை

ஜிங்கோவேல்ஸ் வரிசையில் இன்று எஞ்சியுள்ள ஒரே சிற்றினம் ஜிங்கோ பைலோபா. இப்பேரினத்தின் புதைபடிவங்கள் சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஜுராசிக் காலப் பாறைகளில் கிடைக்கின்றன. ஆதலின் இது 'வாழும் தொல்லுயிர்ப் படிமம்' எனப்படுகிறது. இத்தொன்மை, இன்று விற்பனையாகும் அதன் இலைச்சாற்றுக்கும் 'பழமையான மருந்து' என்னும் மதிப்பைத் தேடித் தந்துள்ளது. அம்மதிப்பு ஆராயத்தக்கது.

இயற்கை வரலாறு

விசிறி வடிவ இலையும் கவையாகப் பிரியும் நரம்பமைப்பும் இம்மரத்தின் அடையாளங்கள். ஆண், பெண் மரங்கள் தனித்தனியே உள்ளன. 1896இல் ஜப்பானியத் தாவரவியலாளர் சாகுகோரோ ஹிராசே, இதன் ஆண் இனச்செல்கள் நீந்தும் இயல்புடையவை எனக் கண்டறிந்தார். வாழும் விதைத் தாவரங்களுள் சைக்கஸ் வகைகளைத் தவிர வேறெவற்றிலும் இப்பண்பு இல்லை.

ஒருகாலத்தில் வட அரைக்கோளத்தில் பரவியிருந்த இவ்வினம் பின்னர்ச் சீனத்தின் சில மலைப்பகுதிகளுக்குள் சுருங்கியது. கோயில் வளாகங்களில் நட்டு வளர்க்கப்பட்டதும் இது நிலைபெறத் துணைசெய்தது. ஜப்பானில் இதனைக் கண்ட எங்கல்பெர்ட் கேம்ப்ஃபர் 1712இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். லின்னேயஸ் 1771இல் அறிவியற்பெயர் இட்டார். 1945இல் ஹிரோஷிமா அணுகுண்டு வீச்சின் மையத்திற்கு 1 முதல் 2 கிலோமீட்டர் தொலைவிலிருந்த சில ஜிங்கோ மரங்கள் மீண்டும் துளிர்த்தன. எனினும் இயற்கையாக வளரும் மரங்களைக் கருதி, இச்சிற்றினம் அழிவுக்குள்ளாகும் இனங்களின் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளது.

விதையின் பயன்பாடு

சீன மரபு மருத்துவம் முதன்மையாகப் பயன்படுத்தியது விதையையே. சதைப்பகுதியும் ஓடும் நீக்கப்பட்ட பருப்பு இருமலுக்கும் இரைப்புக்கும் தரப்பட்டது. இதிலுள்ள ஜிங்கோடாக்சின் வைட்டமின் பி6இன் செயலைத் தடுப்பதால், மிகுதியாக உண்போருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, வலிப்பு ஏற்படலாம். சமைப்பதால் இந்நச்சு முழுமையாக நீங்குவதில்லை.

இலைச்சாறு

தரப்படுத்தப்பட்ட இலைச்சாறு 1960களில் ஜெர்மனியில் உருவானது. இதில் ஏறத்தாழ 24 விழுக்காடு ஃபிளேவனாய்டு கிளைக்கோசைடுகளும் 6 விழுக்காடு டெர்பீன் லாக்டோன்களும் உள்ளன. ஒவ்வாமை தரும் ஜிங்கோலிக் அமிலங்கள் பத்து இலட்சத்தில் 5 பங்குக்கு மிகாமல் குறைக்கப்படுகின்றன. ஜிங்கோலைடு பி, இரத்தத் தட்டணுக்களைத் தூண்டும் காரணியைத் தடுக்கிறது. எனவே இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்வோர் இதனை மருத்துவர் அறிவுரையின்றிப் பயன்படுத்துதல் தகாது.

அமெரிக்காவில் 3,069 முதியோரிடம் நிகழ்த்தப்பெற்று 2008இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 240 மில்லிகிராம் இலைச்சாறு மறதிநோய் வருவதைத் தடுக்கவில்லை எனத் தெரியவந்தது. அதேவேளை, இலேசான மறதிநோய் உடையோரின் வாழ்க்கைத்தரத்தை மேம்படுத்த இதனைப் பயன்படுத்தலாம் என ஐரோப்பிய மருந்துகள் முகமை ஏற்றுள்ளது. நோயை வராமல் தடுத்தலும் வந்தபின் அறிகுறியைத் தணித்தலும் வெவ்வேறு என்பதால் இவ்விரு முடிவுகளும் முரண்பட்டவை அல்ல.

முடிவுரை

மரம் பல கோடி ஆண்டுப் பழமையுடையது. விதை மருத்துவம் பல நூற்றாண்டு மரபுடையது. இலைச்சாறோ அறுபது ஆண்டுகளே கடந்த ஆய்வுக்கூட ஆக்கம். ஒன்றன் தொன்மையை மற்றொன்றன் பயனுக்குச் சான்றாக்குதல் பொருந்தாது. மூலிகை ஆய்வில் எந்த உறுப்பு, எந்த முறையில் பக்குவப்படுத்தப்பட்டது, எந்த அளவில், எந்நோய்க்கு என்பவற்றைத் தனித்தனியே ஆராய்தல் வேண்டும் என்பதை ஜிங்கோ உணர்த்துகிறது.