ஜன்னல் இல்லாத அறை

2022 ஜூன் 4-ஆம் தேதி 'எம்ப்ரஸ்' என்ற கார்டீலியா உல்லாசக் கப்பலை முதலமைச்சர் ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து அனுப்பினார். சிறுசேரியில் இருந்துகொண்டு, கோவளத்துப் படகுகளையே பார்த்துப் பழகிய எங்களுக்கும் ஆசை வந்துவிட்டது. நான் சீட்டு எடுத்த பணத்தில் இவர், மாமியார், நான் மூவரும் இரண்டு ராத்திரிப் பயணம் கிளம்பினோம்.

கப்பலா அது! 1990-ல் கட்டியது, 11 தளம், 796 அறை. நீச்சல் குளம், நாடக அரங்கு, கண்ணாடி லிஃப்ட், சூதாட்டக் கூடம்கூட உண்டு. (அந்தப் பக்கம் இவரை நான் விடவில்லை!)

எனக்கென்னவோ அறைதான் பிடித்தது. நம் வீட்டு ஸ்டோர் ரூமைவிடச் சற்றே பெரிசு. அதற்குள் கட்டில்கள், சுவரோடு மடிகிற மேல் கட்டில், மேஜை, அலமாரி, குளியலறை எல்லாம் கச்சிதம். சாமான் சரியாதபடி தட்டுக்கு விளிம்பு வைத்திருந்தார்கள். ஊருக்கு வந்ததும் என் சமையலறை ஷெல்ஃபுக்கும் ஆசாரியிடம் சொல்லி ஒரு சட்டம் அடித்துவிட்டேன்.

ஆனால் சிக்கனம் பார்த்து ஜன்னலில்லாத உள் அறை எடுத்தது எங்கள் தப்பு. விளக்கை அணைத்தால் பகலிலும் கும்மிருட்டு. "ஏம்மா, விடிஞ்சிடுச்சா? கிழக்கு எந்தப் பக்கம்?" என்று மாமியார் ராத்திரி பூரா தவித்தார். தலைசுற்றல், வாந்தி வேறு. ஆட்டம் காதுக்குள் தெரிகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, குமட்டல் அதனால்தான். பெரியவர்களோடு போகிறவர்கள் ஜன்னல் உள்ள அறையாக, கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கே ஆட்டம் குறைவு.

விடியற்காலை அவரை மேல்தளத்துக்குக் கூட்டிப்போய், அடிவானத்தைப் பார்த்தபடி உட்கார வைத்தேன். சூரியன் கிளம்பி அரைமணியில் காபி கேட்டார்.