ஆத்தங்குடி டைல்ஸ்: புது டிசைன் சீக்கிரம் பிறப்பது எப்படி?

பிள்ளையார்பட்டிக்கு அருகே ஆத்தங்குடியில் ஒரு புது டிசைனைச் சோதிக்க உலை மூட்ட வேண்டியதில்லை. ஏன்? இந்த டைல்ஸ் சிமெண்டால் ஆனது; சிமெண்டு வெப்பத்தால் அல்ல, நீரோடு வேதிவினை புரிந்தே இறுகுகிறது.

எப்படிச் செய்கிறார்கள்? சட்டத்துக்குள் கண்ணாடி, அதன்மேல் உலோக அச்சு. அச்சின் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கிவிடுகிறார்கள். மேலே தூவும் உலர்ந்த மணல்-சிமெண்டு கூடுதல் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு ஈரக் கலவை. அடுத்து தண்ணீர்த் தொட்டி. இறுகியதும் கண்ணாடி கழன்றுவிடும். அதன் வழவழப்பு டைல்ஸில் அப்படியே பதிந்திருப்பதால் தனியாக மெருகேற்ற வேண்டாம்.

எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்: கோடுகளைச் சுமப்பது அச்சு மட்டுமே. சட்டமும் கண்ணாடியும் எல்லா டிசைனுக்கும் பொது. பூவை மாற்ற அச்சு மாறினால் போதும். நிறத்தை மாற்ற அதுவும் வேண்டாம். வீட்டுக்காரர் ஒரே ஒரு டைல்ஸை வார்க்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, கூடம் முழுவதற்கும் முடிவெடுக்கலாம்.