காய்ச்சல் விட்ட பிறகும் கவனம் தேவை



போன மழைக்காலத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்கு நாங்கள் போயிருந்தோம். ஒரு உறுப்பினர் தன் எட்டு வயது மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு நாள் காய்ச்சலாம். "காலையில விட்டுடுச்சுக்கா. வயிறு வலிக்குதுன்னு சொல்றா. சாப்பிடாத வயிறு, அதான்" என்றார். பக்கத்தில் இருந்த ஊக்குநர் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, ஐஸ் மாதிரி இருக்கு" என்றார். கூட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிட்டோம். அரசு மருத்துவமனையில் மூணு நாள் டிரிப்ஸ் ஏறியது. பிள்ளை பிழைத்தாள். அது டெங்கு.

மற்ற காய்ச்சல் விட்டால் பெரும்பாலும் நோய் குறைகிறது என்று அர்த்தம். டெங்குவில் அப்படிச் சொல்ல முடியாது. காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், உடம்புச் சூடு இறங்கும் நேரத்தில்தான் சிலருக்கு ஆபத்து ஆரம்பிக்கிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிகிறது. இரத்தம் கெட்டியாகி, பிரஷர் இறங்கி, கை கால் சில்லிட்டுப் போகிறது. இந்த 24 முதல் 48 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள்.

எனவே சூடு இறங்கிய பிறகு இரண்டு நாள் கண்ணை எடுக்காமல் பாருங்கள். விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பாக மலம், எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் புரள்வது, ஆறு மணி நேரமாக ஒண்ணுக்குப் போகாமல் இருப்பது... இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இந்த அறிகுறிகள் வரும்வரைகூட காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் என்றாலே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இன்னொரு விஷயம் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறோம். "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்று கண்ட இடத்தில் ஊசி போடுகிறோம். உடம்பு வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக், புரூஃபன், ஆஸ்பிரின் போன்றவை டெங்குவில் இரத்தக் கசிவை அதிகமாக்கும். காய்ச்சலுக்கு டாக்டர் சொல்லும் அளவில் பாரசிட்டமால் போதும். கஞ்சி, இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் அடிக்கடி கொடுங்கள். நிலவேம்புக் கஷாயம் குடித்தாலும், அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். சாக்கடையில் அல்ல, நாம் பிடித்து வைக்கும் தண்ணீரில்தான் முட்டையிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தொட்டியின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் வாரம் ஒருமுறை பிரஷ் போட்டு நன்றாகத் தேய்க்க வேண்டும். பழைய ஆட்டுக்கல், கொட்டாங்குச்சி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, இவற்றையும் பாருங்கள்.

அந்தப் பிள்ளையின் அம்மா ஏன் தாமதித்தார் தெரியுமா? அன்றைய கூட்டத்தில் உள்கடன் வாங்கிக்கொண்டு போகலாம் என்று இருந்தாராம். 108 வண்டிக்குக் காசு கிடையாது. அரசு மருத்துவமனையில் படுக்கைக்கும் டிரிப்ஸுக்கும் காசு கிடையாது. இதை அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.