சேர்வது ஒன்று, நிலைப்பது வேறு

1931-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் திருமண உரிமம் கேட்டு வந்த விண்ணப்பங்களில் 5,000-ஐ ஜேம்ஸ் போசார்ட் என்ற சமூகவியலாளர் எடுத்துப் புரட்டினார். அவர் பார்த்தது மாப்பிள்ளையின் முகவரியையும் பெண்ணின் முகவரியையும் மட்டும்தான். மூன்றில் ஒரு பங்கு இணைகள் ஐந்து பிளாக் தூரத்துக்குள் குடியிருந்தவர்கள். அன்று அந்த நகரத்தில் ஏறத்தாழ 20 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். அத்தனை பேரில் தனக்கென்றே பிறந்த ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்ததாக ஒவ்வோர் இணையும் நினைத்திருக்கக்கூடும். கண்டுபிடித்த இடமோ அடுத்த தெரு.

காதலைப் பற்றி உளவியல் சொல்லும் பலவும் இப்படித்தான் இருக்கின்றன. அது மனதுக்குள் மட்டும் நடக்கும் காரியம் என்று நாம் எண்ணுகிறோம். இரண்டு பேருக்கு நடுவிலும் அவர்களைச் சுற்றியும் நடப்பதுதான் அதில் பெரும்பகுதி என்று ஆய்வுகள் காட்டிக்கொண்டே இருக்கின்றன.

அருகாமை எப்படி வேலை செய்கிறது? இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மணமான மாணவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பில் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 1950-இல் அது புத்தகமாக வந்தது. ஒரே மாடியில் பக்கத்து வீட்டுக்காரரை நெருங்கிய நண்பராகச் சொன்னவர்கள் 41 சதவீதம். அதே வராந்தாவின் மறுகோடியில் இருப்பவரைச் சொன்னவர்கள் 10 சதவீதம். கீழ்த்தளத்தில் மாடிப்படியை ஒட்டிய வீடு கிடைத்தவர்களுக்கு மேல்தளத்திலும் சிநேகிதர்கள் சேர்ந்தார்கள். வீட்டை அவரவர் விரும்பித் தேர்ந்தெடுக்கவும் இல்லை, காலியாக இருந்ததை ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஆய்வு நட்பைப் பற்றியது என்றாலும் அது காட்டிய வழி காதலுக்கும் பொருந்தும். அடிக்கடி கண்ணில் படும் முகம் பழகிப்போகிறது, பழகிய முகம் பிடித்துப்போகிறது. ராபர்ட் ஸயான்ஸ் 1968-இல் இதைப் பரிசோதனைகளில் காட்டினார். ஆனால் முதலிலேயே வெறுப்பு விழுந்துவிட்டால் அருகாமை அதைக் கூட்டவே செய்யும். 1976-இல் கலிபோர்னியாவின் ஒரு குடியிருப்பில் விசாரித்தபோது, பிடிக்காதவர்கள் என்று மக்கள் சொன்னவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களாகவே இருந்தார்கள்.

இன்று அந்த வராந்தாவின் இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் 2017-இல் சந்தித்துச் சேர்ந்த ஆண்-பெண் இணைகளில் 39 சதவீதம் பேர் இணையம் வழியாகச் சந்தித்தவர்கள். அங்கே வேலை செய்வது பட்டியல். உயரம், படிப்பு, சம்பளம், விருப்பங்கள். இந்தப் பட்டியலால் என்ன பயன் என்று பால் ஈஸ்ட்விக், எலி ஃபிங்கல் இருவரும் சோதித்தார்கள். எப்படிப்பட்டவர் வேண்டும் என்று முதலில் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு பலரோடு ஆளுக்குச் சில நிமிடம் பேசவைத்தார்கள். எழுதிக் கொடுத்ததற்கும் நேரில் யாரைப் பிடித்தது என்பதற்கும் தொடர்பே இல்லாததுபோல் முடிவு வந்தது. 2017-இல் சமந்தா ஜோயலும் இவர்களும் சேர்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட குணங்களையும் விருப்பங்களையும் கணினிக்குக் கொடுத்து, யாருக்கு யாரைப் பிடிக்கும் என்று கணிக்கச் சொன்னார்கள். பொதுவாக யாரைப் பலருக்கும் பிடிக்கும் என்பதை அது ஓரளவு சொன்னது. இந்தக் குறிப்பிட்ட ஆளுக்கு இந்தக் குறிப்பிட்ட ஆள் மேல் ஈர்ப்பு வருமா என்பதை அதனால் சொல்ல முடியவில்லை. மேட்ரிமோனி தளங்களில் மணிக்கணக்காக வடிகட்டிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். வேண்டாததைக் கழிக்கப் பட்டியல் உதவலாம், பொருத்தத்தை அது சொல்லாது.

ஈர்ப்பு என்றாலே எல்லோரும் சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. 1974-இல் கனடாவின் காபிலானோ தொங்குபாலத்தில், ஏறத்தாழ 70 மீட்டர் உயரத்தில், ஆண்களிடம் ஒரு பெண் கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்கினார், தொலைபேசி எண்ணும் கொடுத்தார். எண்ணை வாங்கிய 18 பேரில் 9 பேர் பிறகு அழைத்தார்கள். தாழ்வான, ஆடாத பாலத்தில் 16 பேரில் 2 பேர்தான். பயத்தின் படபடப்பை மனம் காதல் படபடப்பாக எடுத்துக்கொள்கிறது என்பது விளக்கம். சுவையான ஆய்வுதான். ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு பெரிய முடிவுக்குப் போக எனக்குத் தயக்கம் உண்டு.

ஒருவரோடு நெருங்கும் விதம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் குழந்தைப் பருவத்துக்குப் போவோம். தாயைப் பிரிந்த குழந்தை ஏன் அப்படித் தவிக்கிறது என்று பிரிட்டனில் ஜான் பௌல்பி கேட்ட கேள்வியிலிருந்து பிணைப்புக் கோட்பாடு பிறந்தது. 1987-இல் சிண்டி ஹசானும் ஃபிலிப் ஷேவரும் அதைப் பெரியவர்களின் காதலுக்குக் கொண்டுவந்தார்கள். டென்வர் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில் மூன்று பத்திகளை அச்சிட்டு, உங்களுக்கு எது பொருந்துகிறது என்று கேட்டார்கள். பதில் அனுப்பியவர்களில் 56 சதவீதம் பேர் நெருங்குவதும் சார்ந்திருப்பதும் எளிதாக வருகிறது என்றார்கள். 25 சதவீதம் பேர் யாராவது மிக நெருங்கினால் சங்கடமாக இருக்கிறது என்றார்கள். 19 சதவீதம் பேர் விட்டுப்போய்விடுவார்களோ என்ற பயத்திலேயே இருப்பதாகச் சொன்னார்கள்.

பதில் வர பத்து நிமிடம் தாமதமானால் ஒருவருக்குக் கை நடுங்குகிறது. இன்னொருவரோ சண்டை வந்ததும் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறார். இரண்டும் பழைய பயத்தின் வேறு வேறு முகங்களாக இருக்கலாம் என்று தெரிந்தால், எதிரில் இருப்பவர் மேல் கொஞ்சம் இரக்கம் வரும். அந்த அளவில் இந்தக் கோட்பாடு மிக நல்லது. இப்போது இளைஞர்கள் இதை ரீல்ஸில் பார்த்துவிட்டு, பழகிய மூன்றாம் நாளே ஒருவர் நெற்றியில் சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. சிறுவயதுப் பிணைப்புக்கும் பெரியவரான பிறகு வரும் பிணைப்புக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு இறுக்கமானது அல்ல. நம்பிக்கையான ஒருவரோடு வாழ்ந்து மாறியவர்கள் உண்டு, நல்ல வீட்டில் வளர்ந்தும் ஒரு மோசமான உறவில் குலைந்துபோனவர்களும் உண்டு.

ஓர் உறவு ஏன் நிலைக்கிறது என்ற கேள்விக்கு நான் படித்ததில் மிகத் தெளிவான விடை உளவியலாளர் கேரில் ரஸ்பல்ட் கொடுத்தது. 1980-இல் தொடங்கி அவர் இதை வளர்த்தெடுத்தார். ஒருவர் உறவை விட்டுப்போகாமல் இருக்கும் உறுதி மூன்று இடங்களிலிருந்து வருகிறது. இந்த உறவில் எனக்கு எவ்வளவு நிறைவு? இதை விட்டால் எனக்குப் போக்கிடம் உண்டா? இதில் நான் இதுவரை போட்டது எவ்வளவு? போட்டது என்றால் பணம் மட்டும் இல்லை. பிள்ளைகள், சேர்ந்து கட்டிய வீடு, அதன் கடன், இரண்டு பக்கத்துச் சொந்தபந்தம், இளமையில் கழிந்த ஆண்டுகள், விட்டுக்கொடுத்த வேலை எல்லாம் அதில் அடங்கும். பிற்பாடு, 11,000-க்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய 52 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, உறுதியில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கை இந்த மூன்றுமே விளக்கின.

இதில் மறைந்திருக்கும் உண்மையை நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசுவதில்லை. நிறைவு துளியும் இல்லாமல், போக்கிடம் இல்லாததாலும் போட்டது ஏராளம் என்பதாலும் மட்டுமே ஓர் உறவு ஆண்டுக்கணக்கில் நிலைக்கலாம். ரஸ்பல்ட்டும் ஜான் மார்ட்ஸும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகப் பார்த்தது. கணவரிடமோ காதலரிடமோ அடிபட்டுப் பாதுகாப்பு இல்லத்துக்கு வந்த பெண்களிடம் பேசி, பிறகு யார் யார் அதே ஆளிடம் திரும்பிப் போனார்கள் என்று பின்தொடர்ந்தார்கள். கையில் பணம் இல்லாதவர்கள், போக இடம் இல்லாதவர்கள், அந்த உறவில் நிறையப் போட்டவர்கள் திரும்பிப் போகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அடித்தவனிடமே ஏன் திரும்பிப் போகிறாள் என்று ஊர் கேட்கிறது. அவள் புத்தியில் கோளாறு தேடுகிறது. தேட வேண்டியது அவள் கையிருப்பிலும் அவள் பிறந்த வீட்டின் கதவு திறந்திருக்கிறதா என்பதிலும்தான். "முப்பது வருஷம் சேர்ந்தே இருந்தாங்க" என்பதை நாம் நற்சான்றிதழாகச் சொல்லிப் பழகிவிட்டோம். எதனால் சேர்ந்திருந்தார்கள் என்று கேட்காதவரை அதற்கு எந்தப் பொருளும் இல்லை.

அப்படியானால் நிறைவு எங்கிருந்து வருகிறது? சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் ஒரு வீட்டையே ஆய்வுக்கூடமாக அமைத்தார். புதுமணத் தம்பதியர் அங்கே ஒருநாள் சமைத்து, சாப்பிட்டு, பேசிக்கொண்டிருப்பதைக் கேமரா பதிவு செய்தது. அவர் தேடியது பெரிய சண்டைகளை அல்ல, ஒருவர் மற்றவரை நோக்கி நீட்டும் சின்னச் சின்ன அழைப்புகளை.

நம் வீட்டில் வைத்தே பார்க்கலாம். கொல்லைக் கதவருகே நின்று மனைவி சொல்கிறாள்: "ஏங்க, முருங்கை பூ வெச்சிருக்கு பாருங்க." கணவர் கட்டிலில் கைபேசியோடு இருக்கிறார். எழுந்து வந்து எட்டிப் பார்த்து, "போன வருஷம் இதே நேரம் கம்பளிப்பூச்சி வந்துச்சே" என்று சொல்லலாம். தலை நிமிராமல் "ம்" சொல்லலாம். "இதுக்குப் போயா கூப்பிட்டே?" என்று கேட்கலாம். அவள் சொன்னது முருங்கையைப் பற்றி மட்டும் இல்லை. என்னோடு ஒரு நிமிடம் நில்லுங்கள் என்பதும் அதில் இருந்தது. ஆறு ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, சேர்ந்தே இருந்தவர்கள் அந்த முதல் பதிவில் இப்படிப்பட்ட அழைப்புகளில் 86 சதவீதத்துக்கு முகம் கொடுத்துப் பதில் தந்திருந்தார்கள் என்றும், பிரிந்தவர்களோ 33 சதவீதத்துக்குத்தான் என்றும் காட்மன் எழுதினார்.

சண்டையில் எது அறுக்கிறது என்பதையும் அவர் சொன்னார். செய்த தவறை விட்டுவிட்டு ஆளையே குறை சொல்வது, எதற்கும் எதிர்வாதம் பேசித் தப்பிப்பது, வாய் திறக்காமல் கல்லாக உட்கார்ந்துவிடுவது, இவற்றையெல்லாம் விடக் கொடியது இளக்காரம். உதட்டைச் சுழித்து, கண்ணை உருட்டி, "உனக்கென்ன தெரியும்" என்பது. யார் விவாகரத்து செய்வார்கள் என்று 90 சதவீதத்துக்கு மேல் சரியாகக் கணித்ததாக அவரைப் பற்றிப் பரவியிருக்கும் பேச்சை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். முடிவு தெரிந்த தம்பதியருக்குப் பொருந்துமாறு சூத்திரம் அமைத்துவிட்டு, அதே தம்பதியரிடம் அதைச் சோதித்ததைக் கணிப்பு என்று சொல்லக்கூடாது என்று மற்ற ஆய்வாளர்கள் சரியாகவே சுட்டிக்காட்டினார்கள்.

ஷெல்லி கேபிள் கண்டது எனக்கு இன்னும் பிடிக்கும். துன்பத்தில் தோள் கொடுப்பதுதான் அன்பின் சோதனை என்று நாம் நம்புகிறோம். 2006-இல் அவரும் சகாக்களும் இணைகளைப் பேசவைத்துப் பார்த்தார்கள். கெட்ட செய்திக்குத் துணை என்ன சொன்னார் என்பதைவிட, நல்ல செய்திக்கு என்ன சொன்னார் என்பதே உறவின் நலத்தோடு நெருக்கமாகப் பொருந்தியது. "பிரமோஷன் வந்திருக்கு" என்று வாசலிலேயே சொல்பவரிடம் "அப்படியா, யார் சொன்னாங்க, எப்படிச் சொன்னாங்க?" என்று உட்கார்ந்து கேட்பவரும் இருக்கிறார். "இனி வீட்டுக்கு லேட்டாத்தான் வருவீங்க" என்று முடித்துவிடுபவரும் இருக்கிறார்.

காதல் கல்யாணமா, பெற்றோர் பார்த்த கல்யாணமா என்ற நம் தீராத விவாதத்துக்கு 1982-இல் ஜெய்ப்பூரில் உஷா குப்தாவும் புஷ்பா சிங்கும் செய்த ஆய்வை மேற்கோள் காட்டுவார்கள். காதலித்து மணந்தவர்களிடம் அன்பு தொடக்கத்தில் அதிகமாக இருந்து ஆண்டுகள் போகப்போகக் குறைந்தது, பெரியவர்கள் பார்த்து முடித்தவர்களிடம் வளர்ந்தது என்பது முடிவு. ஆனால் பங்கேற்றவர்கள் 50 தம்பதியர்தான். ஒரே தம்பதியரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கவும் இல்லை. 2012-இல் அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளியினரிடம் பமீலா ரீகன் குழுவினர் விசாரித்தபோது, இரண்டு வகையினருக்கும் அன்பிலும் நிறைவிலும் வேறுபாடு தென்படவில்லை. எப்படித் தொடங்கியது என்பதற்கு நாம் தரும் எடை அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2020-இல் ஜோயலும் ஈஸ்ட்விக்கும் 80-க்கும் மேற்பட்ட ஆய்வாளர்களோடு சேர்ந்து, 43 ஆய்வுகளிலிருந்து 11,196 இணைகளின் தரவுகளைக் கணினிக்குக் கொடுத்தார்கள். என் துணை இந்த உறவில் உறுதியாக இருக்கிறார், என்னை மதித்து நன்றி பாராட்டுகிறார், எங்கள் தாம்பத்தியம் நிறைவாக இருக்கிறது, சண்டை குறைவு. இப்படி உறவைப் பற்றி ஒருவர் உணர்பவைதான் நிறைவை மிக நன்றாகக் காட்டின. ஒருவருடைய வயது, படிப்பு, சுபாவம் போன்றவை அந்த அளவுக்குக் காட்டவில்லை. உறவு காலப்போக்கில் உயருமா சரியுமா என்பதைப் பெரும்பாலும் எதுவுமே முன்கூட்டிச் சொல்லவில்லை.

எல்லாம் இருவர் கையில்தான் என்று இங்கே நிறுத்திவிட்டால் அது பாதி உண்மைதான். பெஞ்சமின் கார்னியும் தாமஸ் பிராட்பரியும் 1995-இல் 115 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து, உறவைத் தீர்மானிப்பதில் வெளியிலிருந்து வரும் நெருக்கடிக்குச் சம இடம் கொடுத்தார்கள். நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள்கூட வேலை போய், வாடகை பாக்கி விழுந்து, உடம்பும் சரியில்லாமல் போகும்போது அப்படிப் பேசுவதில்லை. அமெரிக்க அரசு குறைந்த வருமான இணைகளுக்கு உறவுத் திறன்களைக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளுக்குப் பணம் ஒதுக்கியது. எட்டு இடங்களில் 5,000-க்கும் மேற்பட்ட இணைகளைக் கொண்டு அவற்றில் ஒரு திட்டத்தைச் சோதித்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், வகுப்புக்கு அனுப்பப்பட்டவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சேர்ந்திருக்கவில்லை. கார்னியும் தாமஸ் டிரெய்லும் 6,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய கணக்கெடுப்பு ஏன் என்பதற்கு ஒரு விடை தருகிறது. ஏழை வீடுகள் திருமணத்துக்குத் தந்த மதிப்பு மற்றவர்கள் தந்ததற்குக் குறைந்ததே அல்ல. பேசத் தெரியவில்லை என்பது அவர்களிடம் தனியாகத் தெரிந்த குறையும் அல்ல. அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சொன்ன பிரச்சினைகள் பணமும், குடி, போதைப் பழக்கமும்.