கையடக்கத் திரையின் சாட்சி

வீட்டுக் கணினியில் வங்கியின் தளத்தைத் திறந்து, வாடகைக்காக 500 யூரோ அனுப்புகிறார் ஒருவர். முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருக்கிறது. கடவுச்சொல் சரி, தொகையும் சரி. பொத்தானைச் சொடுக்குகிறார். வங்கிக்குப் போய்ச் சேருவதோ, முன்பின் தெரியாத ஒருவரின் கணக்குக்கு 5,000 யூரோ அனுப்பச் சொல்லும் கட்டளை. அவர் பார்க்கும் திரையில் மட்டும் கடைசிவரை 500 என்றே தெரியும்.

2007இல் கண்டறியப்பட்ட ஜீயஸ் என்ற தீநிரலும் அதன் வாரிசுகளும் இந்த வித்தையைத்தான் செய்தன. அவை வலை உலாவிக்குள்ளேயே குடியேறிவிடும். கணினியிலிருந்து வங்கிக்குப் போகும் தகவலை மறையாக்கம் வழியில் காப்பாற்றுகிறது; ஆனால் மறையாக்கம் நடப்பதற்கு முன்பே கணக்கு எண் மாறிவிட்டால், பொய்யான கட்டளையைத்தான் அது பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுக்கும். ஜெர்மனி வங்கிகள் வாடிக்கையாளருக்கு அச்சிட்டுக் கொடுத்த குறியீட்டுத் தாள்கள் இதன் முன் பலிக்கவில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை எண் மாறும் சாவிக்கொத்துக் கருவிகளும் அப்படியே. பணம் அனுப்புவது யார் என்று அந்த எண் சொல்லும். யாருக்கு, எவ்வளவு என்று சொல்லாது. அதை உள்ளிடுவது வெற்றுக் காசோலையில் கையெழுத்திடுவதற்குச் சமம்.

ஆகவே பொறியாளர்கள் ஒரு கசப்பான முடிவுக்கு வந்தார்கள்: வீட்டுக் கணினி ஏற்கெனவே எதிரியின் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வடிவமைக்க வேண்டும்.

சூரிச் அருகே ரூஷ்லிகோனில் உள்ள ஐபிஎம் ஆய்வகம் 2008இல் அறிமுகப்படுத்திய ஸீடிக் என்ற கருவி இந்த முடிவிலிருந்து பிறந்தது. யுஎஸ்பி பென்டிரைவ் அளவு. ஒரு குட்டித் திரை. ஏற்க, மறுக்கப் பொத்தான்கள். கணினியில் செருகியதும் அது வங்கியின் வழங்கியோடு தானே மறையாக்க இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும். கணினி, உள்ளே இருப்பதைப் படிக்க முடியாமல் தகவலைக் கடத்திவிடும் வேலையை மட்டும் செய்யும். வங்கி தன்னிடம் வந்து சேர்ந்த கட்டளையைத் திரும்ப அனுப்ப, குட்டித் திரையில் 5,000 என்ற எண்ணும் அந்நியரின் கணக்கும் அப்படியே தெரிந்துவிடும். மறுக்கும் பொத்தானை அழுத்த வேண்டியதுதான். சுவிட்சர்லாந்தின் யூபிஎஸ் வங்கி இந்தத் தொழில்நுட்பத்தைத் தன் வாடிக்கையாளருக்கு வழங்கியது.

ஜெர்மனியில் பரவிய சிப்டான் முறை இன்னும் எளிமையானது, இன்னும் அழகானது என்றும் சொல்லலாம். அங்கே கருவிக்குக் கணினியோடு கம்பித் தொடர்பே வேண்டாம். வங்கி அட்டையைச் சிறு கால்குலேட்டர் போன்ற படிப்பானில் செருகி, கணினித் திரைமுன் பிடிக்க வேண்டும். திரையில் ஐந்து கறுப்பு வெள்ளைப் பட்டைகள் மின்னி மின்னி அணையும். படிப்பானின் பின்புறமுள்ள ஐந்து ஒளி உணரிகள் அந்த மினுக்கலைப் படித்துக்கொள்ளும். பெறுபவரின் கணக்கும் தொகையும் படிப்பானின் திரையில் தோன்றும். சரி என்று அழுத்தினால், அட்டையின் சில்லு அந்த விவரங்களையே தன் இரகசியச் சாவியோடு சேர்த்துக் கணக்கிட, ஆறு இலக்க எண் ஒன்று கிடைக்கும். அதைக் கணினியில் தட்டச்சு செய்ய வேண்டும். தொகையில் ஒரு யூரோ மாறினாலும் எண் பொருந்தாது. இரகசியம் முழுக்க அட்டைக்குள் இருப்பதால், பக்கத்து வீட்டுக்காரரின் படிப்பானை இரவல் வாங்கினாலும் வேலை நடக்கும்.

இதிலும் ஓட்டை இருந்தது. பல பேருக்கு ஒரே நேரத்தில் பணம் அனுப்பும்போது படிப்பான் மொத்தத் தொகையையும் எண்ணிக்கையையும் மட்டுமே காட்டியது. ஒற்றைக் கட்டளையையே இப்படிக் கூட்டுக் கட்டளையாக வேடமிட்டு அனுப்பினால் பெறுபவரின் கணக்கு எண் திரைக்கே வராது என்று ரெட்டீம் பென்டெஸ்டிங் என்ற ஜெர்மனி நிறுவனம் 2009இல் காட்டியது. மறையாக்கத்தில் கீறல்கூட விழவில்லை. திரையில் ஒரு வரி காணாமல் போனதே போதுமானதாக இருந்தது. கருவியில் எதைக் காட்டுவது என்பது, கணித அறிஞர்களுக்கு இணையாக வடிவமைப்பாளர்களும் தலையில் போட்டுக்கொள்ள வேண்டிய விஷயம்.

பிரிட்டனின் அட்டைப் படிப்பான்களை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சார் ட்ரிமர், ஸ்டீவன் மர்டாக், ராஸ் ஆண்டர்சன் மூவரும் அதே 2009இல் எழுதிய ஆய்வுரையில் இன்னொரு ஆபத்தைச் சுட்டினார்கள். அந்தப் படிப்பான், அதில் உள்ளிடும் அட்டையின் இரகசிய எண் (PIN) சரியா தவறா என்று அங்கேயே சொல்லிவிடும். வழிப்பறிக்காரன் கையில் அது கிடைத்தால், மிரட்டி வாங்கிய எண் உண்மையானதுதானா என்று தெருவிலேயே சோதித்துவிடலாம். வீட்டுக்குள் பாதுகாப்பு தரவந்த கருவி வீதியில் உயிராபத்தை வரவழைக்கலாம் என்ற எச்சரிக்கை அது.

தனிக் கருவி எதற்கு, கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் போதாதா? நம்மூர் ஓடிபி அந்த வழிதான். அதில் தொகையும் கடையின் பெயரும் வருமானால் கருவித் திரையின் பயன் ஓரளவு கிடைக்கிறது. ஆனால் கைப்பேசியும் கணினிதான். யூரோகிராபர் என்று பெயரிடப்பட்ட தாக்குதல், கணினியையும் கைப்பேசியையும் சேர்த்தே தொற்றி, இத்தாலி, ஜெர்மனி, ஸ்பெயின், நெதர்லாந்து நாடுகளில் 30,000க்கும் அதிகமான வாடிக்கையாளர்களிடமிருந்து சுமார் 3.6 கோடி யூரோவைக் கறந்தது 2012இல் வெளிவந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 செப்டம்பர் 14 முதல், இணையவழிப் பணம் அனுப்பும்போது உறுதிக் குறியீடு தொகையோடும் பெறுபவரோடும் பிணைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். பழைய குறியீட்டுத் தாள்கள் அதோடு போயின. அந்த இடத்தை இப்போது பெரும்பாலும் கைப்பேசிச் செயலிகள் பிடித்திருக்கின்றன. வசதிதான். ஆனால் பணம் அனுப்பும் செயலியும் அதை உறுதிசெய்யும் செயலியும் ஒரே கைப்பேசியில் இருந்தால், ஒரே தீநிரல் இரண்டையும் ஏமாற்றிவிடும். ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் அதைச் செய்தே காட்டினார்கள். அங்கே சில வங்கிகள் இன்றும் சிப்டான் முறையைக் கைவிடவில்லை. சில கருவிகளில் மினுக்கும் பட்டைகளுக்குப் பதில் கியூஆர் கட்டம் வந்திருக்கிறது. பெறுபவரையும் தொகையையும் காட்டும் அந்தத் தனித் திரை அப்படியே இருக்கிறது.