அக்கரை வாசலைக் கடல் கொண்ட இரவு

ஹற்றன் நகர வீதியிலோ நுவரெலியாவிலோ நின்று எத்திசை நோக்கினும் மலையும் மஞ்சும் தேயிலையுமே தென்படும், கடல் தென்படாது. எனினும், அம்மலைகளில் வாழும் தோட்ட மக்கள் இந்தியாவைச் சுட்டுதற்கு நெடுங்காலமாக வழங்கி வந்த சொல் ‘அக்கரை’ என்பதாகும். அலையோசையைக் கேட்டறியாத குழந்தைகூட அக்கரையிலுள்ள அத்தையைப் பற்றிப் பேசிய காலம் உண்டு. அந்த அக்கரைக்கு ஒரு வாசல் இருந்தது. தனுஷ்கோடி என்பது அதன் பெயர். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆந் திகதி நள்ளிரவில் அதனைக் கடல் கொண்டது.

காப்பித் தோட்டக் காலத்தில் வந்தவர்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். வாந்திபேதிக்கும் பசிக்கும் இரையாகி வழியிலேயே மாண்டவர் பலர். 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலமும், தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதையும், இரு துறைகளுக்கும் இடையே கப்பலும் ஏற்பட்டன. இந்திய மண்ணில், மண்டபத்தில், இலங்கை அரசாங்கம் ஒரு முகாம் நடத்திற்று. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கப்பட்டவர்களை அங்கே சில நாட்கள் வைத்து, நோயில்லை எனக் கண்ட பின்னரே கப்பலேற்றினர். இருபத்திரண்டு மைல் கடலைக் கடந்து, தலைமன்னாரில் வண்டியேறி, பொல்காவலையில் மாறி, மலையேறினர் நம் முன்னோர். ஊருக்குத் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் போய் மீள்வதும் இவ்வழியேதான்.

இனி, அந்த 1964ஆம் ஆண்டின் இறுதி மாதங்களுக்கு வருவோம். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகிவிட்ட இம்மக்களின் தலைவிதியை, ஒக்டோபர் 30ஆந் திகதி, பிரதமர்களான ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் எழுதினர். 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்பது முடிவு. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டு எழுதிய ஒப்பந்தமன்று அது. மை உலர்ந்து ஐம்பத்து மூன்றே நாட்களில் புயல் வந்தது.

அந்தமானுக்குத் தெற்கே, பூமத்திய ரேகைக்கு வழக்கத்துக்கு மாறாக மிக அண்மையில், டிசம்பர் நடுப்பகுதியில் உருவான தாழமுக்கம் அது. வலுத்துச் சூறாவளியாகி, 22ஆந் திகதி வவுனியாவின் மேலாக இலங்கையின் வடபாகத்தைக் கடந்து பாக்கு நீரிணையில் இறங்கியது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீற்றர் வரை இருந்ததென மதிப்பிட்டனர். அந்நீரிணையோ ஆழமற்றது. காற்றுத் தள்ளிய நீர் கீழே பரவ இடமின்றி மேலே குவிந்தது. ஏழு மீற்றர் உயரத்துக்கு எழுந்தது என்பர். அவ்வேளையில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பிரயாணிகள் வண்டியை அவ்வலை அப்படியே வாரிக்கொண்டு போயிற்று. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் எவரும் மீளவில்லை. இறங்குதுறை, சுங்கச்சாவடி, தபாற்கந்தோர், தேவாலயம், புகையிரத நிலையம் யாவும் சிதைந்தன. இரு கரையிலுமாக 1,800 பேரளவில் மாண்டனர் என்பது கணக்கு. பாம்பன் பாலத்தின் 145 உத்தரங்களில் 126 அடித்துச் செல்லப்பட்டன. இளம் பொறியியலாளரான ஸ்ரீதரன் நாற்பத்தாறே நாட்களில் பாலத்தை மீட்டெடுத்தார். தனுஷ்கோடியை மீட்க எவராலும் இயலவில்லை. குடியிருக்கத் தகாத இடமென்று சென்னை அரசாங்கம் அறிவித்துவிட்டது.

ஆகவே, ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவர்கள், தம் பாட்டன் கப்பலேறிய துறையைக் காணவேயில்லை. பின்னாளில் கப்பல் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ஓடிற்று. ஹற்றனிலும் தலவாக்கலையிலும் வழியனுப்ப வந்தோர் மேடையில் நின்று கதறியமையால், அவ்வண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் விழுந்தது. அண்ணன் ஒரு நாட்டுப் பிரஜை, தம்பி மறு நாட்டுப் பிரஜை என ஒரே லயத்துக்குள் பிரிவினை. அக்கரையில் அவர்களை ஏற்றுக்கொண்டது எந்த இடம் என்று நினைக்கிறீர்கள்? அதே மண்டபம் முகாம்! பாட்டனை நோய் பார்த்து அனுப்பிய இடத்தில் பேரன் பெட்டியுடன் காத்திருந்தான். அங்கிருந்து பலர் நீலகிரிக்குச் சென்று, தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டு அரசாங்கம் அமைத்த தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கூடை சுமந்தனர். கொழுந்து பறிக்கத் தெரிந்த கைகளுக்கு அங்கும் கொழுந்தே கிடைத்தது.

1984ஆம் ஆண்டில், போர்ச் சூழலில், இராமேஸ்வரக் கப்பலும் நின்றது. தலைமன்னார்த் துறைக்குச் செல்லும் புகையிரதப் பாதை 2015ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. கப்பல் இன்னும் வரவில்லை.